பங்குச் சந்தை சரிவு: விலை விழுவதைவிடக் கதவு சாத்தப்படுவது ஏன் பெரிய விஷயம்?

ஏதோ ஒரு வளரும் நாட்டில் பங்குச் சந்தை ஒரே நாளில் 8% விழுந்தது என்று செய்தி வருகிறது. அடுத்த வரியிலேயே ‘முதலீட்டாளர்கள் நம்பிக்கை இழந்தனர்’ என்றும் இருக்கும். இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதால், விலை விழுந்தால் நம்பிக்கை போய்விடும், விலை ஏறினால் திரும்பிவிடும் என்று நாமும் எடுத்துக்கொள்கிறோம். நடந்ததைப் புரட்டிப் பார்த்தால் கணக்கு அப்படி இல்லை. பாதிக்கு மேல் விழுந்தும் ஓரிரு ஆண்டுகளில் பணம் திரும்பிவந்த சந்தைகள் உண்டு. விலை பெரிதாக விழாமலேயே வெளிநாட்டுப் பணம் ஒதுங்கிப்போன சந்தைகளும் உண்டு. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

முதலில் இரண்டு சொற்கள்

சந்தையின் மொத்த விலைப்போக்கைக் காட்டும் குறியீட்டெண் உச்சத்திலிருந்து 10% இறங்கினால் ‘திருத்தம்’, 20% இறங்கினால் ‘கரடிச் சந்தை’ என்பது வழக்கம். ‘சரிவு’ என்ற சொல்லுக்கு இப்படி ஓர் அளவுகோல் கிடையாது. விற்க எல்லோரும் நிற்கிறார்கள், வாங்க ஆள் இல்லை, சில மணி நேரத்தில் அல்லது சில நாட்களில் விலை பொத்தென்று விழுகிறது. அதைத்தான் சரிவு என்கிறோம். ‘வாங்க ஆள் இல்லை’ என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

‘வளரும் சந்தை’ என்ற பெயருக்கு ஒரு வேடிக்கையான பிறப்புக் கதை இருக்கிறது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சி நிறுவனத்தில் வேலை பார்த்த அன்ட்வான் வான் அக்ட்மேல், 1981-ல் ஏழை நாடுகளின் பங்குகளில் முதலீடு செய்ய ஒரு ‘மூன்றாம் உலக ஃபண்ட்’ தொடங்கலாம் என்று யோசனை சொன்னார். யோசனை நன்றாக இருக்கிறது, இந்தப் பெயரை வைத்துக்கொண்டு விற்க முடியாது என்று பதில் வந்தது. அப்படிக் கிடைத்த பெயர்தான் வளரும் சந்தைகள். ஆக, பிறக்கும்போதே அது ஒரு விற்பனைப் பெயர்.

இன்று எந்த நாடு இந்தப் பட்டியலில் இருக்கும் என்பதை எம்எஸ்சிஐ, எஃப்டிஎஸ்இ ரஸ்ஸல் போன்ற, ஃபண்டுகள் பின்பற்றும் குறியீடுகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. அவை நாட்டின் வருமானத்தை மட்டும் பார்ப்பதில்லை. வெளிநாட்டவர் பணத்தை எவ்வளவு சுலபமாக உள்ளே கொண்டுவந்து வெளியே எடுத்துப் போகலாம் என்பதையும் பார்க்கின்றன. தென் கொரியா பணக்கார நாடு. எஃப்டிஎஸ்இ அதை 2009-லேயே வளர்ந்த சந்தையாக ஏற்றுக்கொண்டது. எம்எஸ்சிஐ அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் வளரும் பட்டியலிலேயே வைத்திருந்தது. கொரிய நாணயத்தை நாட்டுக்கு வெளியே தாராளமாக மாற்ற முடியாது என்பது அதற்குச் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று. விஷயம் பணக்காரத்தனம் இல்லை, வாசல்.

ஒரு வீழ்ச்சி, இரண்டு நஷ்டம்

ஒரு கற்பனைக் கணக்கு. அந்த நாட்டில் ஒரு டாலருக்கு 50 உள்ளூர் நாணயம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வெளிநாட்டு முதலீட்டாளர் 100 டாலர் கொண்டுவருகிறார். மாற்றினால் 5,000. அதற்குப் பங்கு வாங்குகிறார். சந்தை 30% விழுகிறது, கையில் 3,500 மிஞ்சுகிறது. அதே நேரத்தில் நாணயமும் விழுந்து ஒரு டாலர் 70 ஆகிவிடுகிறது. விற்றுவிட்டு வெளியேறினால் கிடைப்பது 50 டாலர்.

உள்ளூர்க்காரருக்கு நஷ்டம் 30%, வெளிநாட்டவருக்குப் பாதி. சந்தையும் ஒன்று, நாளும் ஒன்று. இதனால்தான் வெளிநாட்டவர் பங்கு விலையை ஒரு கண்ணாலும் நாணயத்தை இன்னொரு கண்ணாலும் பார்க்கிறார். பங்கு திரும்ப ஏறும் என்று காத்திருக்க அவருக்கு மனம் இருக்கலாம். நாணயம் விழப்போகிறது என்று தோன்றிவிட்டால் காத்திருக்க மாட்டார்.

1997-98 ஆசிய நெருக்கடியில் இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு இந்தோனேசியாவே சாட்சி. நெருக்கடிக்கு முன் ஒரு டாலருக்கு சுமார் 2,400 ருப்பியா. 1998 நடுவில் அது 16,000 அளவுக்குப் போனது. பங்கு விலை ஒரு காசுகூட இறங்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், டாலரில் கணக்குப் பார்ப்பவருக்கு 85% போய்விட்டது.

சங்கிலி எப்படி ஓடுகிறது

பெரிய, வளர்ந்த சந்தை ஒன்று விழுந்தால் அந்த நாட்டு மத்திய வங்கி வட்டியைக் குறைத்துப் பணத்தை இறக்கிவிடும். வளரும் நாட்டில் நெருக்கடி நேரத்தில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கும். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. வெளிநாட்டவர் பங்கை விற்கிறார். கையில் உள்ளூர் நாணயம் வருகிறது. அது அவருக்குத் தேவையில்லை, டாலர்தான் வேண்டும்.

2. எல்லோரும் ஒரே நேரத்தில் டாலர் கேட்பதால் உள்ளூர் நாணயத்தின் மதிப்பு இறங்குகிறது.

3. உள்நாட்டு நிறுவனங்களும் வங்கிகளும் டாலரில் கடன் வாங்கியிருக்கும். வருமானம் உள்ளூர் நாணயத்தில், கடன் டாலரில். நாணயம் பாதியானால் ஒரே இரவில் கடன் இரட்டிப்பாகிறது. சொந்த நாணயத்தில் வெளிநாட்டில் கடன் வாங்க முடியாத இந்த நிலைமைக்குப் பொருளாதார அறிஞர்கள் பாரி ஐகன்கிரீனும் ரிக்கார்டோ ஹவுஸ்மனும் ‘ஆதிப் பாவம்’ என்று பெயர் வைத்தார்கள்.

4. மத்திய வங்கி தன் கையிருப்பு டாலரை விற்று நாணயத்தைத் தாங்கிப் பிடிக்கப் பார்க்கிறது. கையிருப்பு கரைவதைச் சந்தை எண்ணிக்கொண்டே இருக்கும்.

5. கையிருப்பு பத்தாதபோது வட்டியை ஏற்றுகிறது. ‘இங்கேயே இருங்கள், அதிக வட்டி தருகிறோம்’ என்று பணத்துக்குச் சொல்லும் செய்தி அது.

6. வட்டி ஏறினால் நிறுவனங்களின் லாபம் குறைகிறது, பங்கு விலை இன்னும் விழுகிறது. மறுபடி முதல் படி.

தாய்லாந்தில் நடந்தது இதுதான். ஒரு டாலருக்கு சுமார் 25 பாட் என்று பல ஆண்டுகளாக நிலையாக வைத்திருந்தார்கள். விலை மாறாது என்ற தைரியத்தில் நிறுவனங்கள் குறுகிய காலக் கடனை டாலரில் வாங்கிக் கட்டடம் கட்டின. நாணயத்தைக் காக்கும் சண்டையில் மத்திய வங்கி தன் கையிருப்பின் பெரும்பகுதியை, பின்னொரு நாளில் டாலர் தருவதாக ஒப்புக்கொள்ளும் முன்பேர ஒப்பந்தங்களில் அடகு வைத்துவிட்டது. வெளியே காட்டிய எண் ஒன்று, செலவழிக்கக் கூடியது வேறு. 1997 ஜூலை 2-ம் தேதி பாட்டைச் சந்தையின் போக்குக்கு விட்டார்கள். ஆறே மாதத்தில் ஒரு டாலருக்கு 50-ஐத் தாண்டியது.

தப்பே செய்யாத நாட்டுக்கும் அடி ஏன்?

1998 ஆகஸ்ட் 17-ல் ரஷ்யா ரூபிளின் மதிப்பைக் குறைத்து, உள்நாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. அடி விழுந்தது பிரேசிலுக்கும். 1999 ஜனவரியில் அங்கேயும் நாணயம் சரிந்தது. ரஷ்யாவுக்கும் பிரேசிலுக்கும் இடையே பெரிய வர்த்தகம்கூடக் கிடையாது. பிறகு எப்படி?

இரண்டு இடத்திலும் முதலீடு செய்திருந்தவர்கள் ஒரே ஆட்கள், அவ்வளவுதான். ஒரு ஃபண்டில் பணம் போட்டவர்கள் திரும்பக் கேட்கும்போது, ஃபண்ட் மேலாளர் எதை விற்பார்? ரஷ்யப் பத்திரத்தை வாங்க ஆள் இல்லை. அவர் விற்க விரும்புவதை விற்பதில்லை, விற்க முடிவதை விற்கிறார். அதனால் நன்றாக நடக்கும், தினமும் நிறைய வர்த்தகம் ஆகும் சந்தைகள்தான் முதலில் அடி வாங்கும். ஒழுங்கான சந்தைக்குக் கிடைக்கும் தண்டனை மாதிரி இது தோன்றலாம். உண்மையும் ஏறக்குறைய அதுதான்.

சில சமயம் காரணம் வளரும் உலகத்துக்கு முழுக்க வெளியே இருக்கும். 2013 மே 22-ல் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, பத்திரங்களை வாங்கிச் சந்தையில் பணத்தை இறக்கிவிடும் திட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கக் கூடும் என்றார். குறைக்கவில்லை, குறைக்கக் கூடும் என்று சொன்னார். அதற்கே பிரேசில், இந்தியா, இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, துருக்கி ஆகிய நாடுகளின் நாணயங்கள் ஆட்டம் கண்டன. ‘பலவீனமான ஐவர்’ என்ற பட்டப்பெயரும் கிடைத்தது. ஐந்துக்கும் பொதுவான ஒரு குறை இருந்தது: ஏற்றுமதியும் மற்ற வரவும் செலவுக்குப் போதாமல், அந்தப் பள்ளத்தை வெளிநாட்டுப் பணத்தால் நிரப்பிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து வரும் காற்று எல்லாக் கூரையையும் ஆட்டும், ஆணி கழன்ற கூரைதான் பறக்கும்.

நம்பிக்கை என்பது எதைப் பற்றிய நம்பிக்கை?

பத்திரிகைகளில் ‘நம்பிக்கை’ என்ற சொல் ஏதோ மனநிலை போல வருகிறது. பணம் போடுகிறவருக்கு அது மனநிலை இல்லை, மிகவும் நடைமுறையான மூன்று கேள்விகள்:

1. நான் விற்க நினைக்கும் நாளில், ஏதோ ஒரு விலைக்காவது விற்க முடியுமா?

2. விற்ற பணத்தை வெளியே எடுத்துப் போக முடியுமா?

3. இந்த விதிகள் நாளைக்கும் இப்படியே இருக்குமா?

கவனியுங்கள், ‘விலை விழாதா?’ என்ற கேள்வி இதில் இல்லை. விழும் என்று எல்லோருக்கும் தெரியும், அந்த ஆபத்துக்குத்தான் கூடுதல் லாபம் எதிர்பார்க்கிறார்கள். முதலீட்டாளர் பொறுத்துக்கொள்ளாதது கதவு பூட்டப்படுவதைத்தான். இதற்கு வரலாற்றில் உதாரணங்கள் நிறையவே இருக்கின்றன.

பாகிஸ்தான், 2008: கராச்சிச் சந்தைக் குறியீடு ஏப்ரலில் 15,600-ஐத் தாண்டியிருந்தது. பிறகு மளமளவென்று இறங்கியது. ஆகஸ்ட் இறுதியில் சந்தை நிர்வாகம் 9,144 என்ற இடத்தில் ஒரு ‘தரை’ போட்டது. அதற்குக் கீழே எந்த விலையிலும் விற்கக் கூடாது. விலை விழுவது நின்றது, உண்மைதான். கூடவே வர்த்தகமும் ஏறக்குறைய நின்றது. அந்த விலைக்கு வாங்க யாரும் தயாராக இல்லையே. சுமார் மூன்றரை மாதம் இப்படியே கிடந்து, டிசம்பர் நடுவில் தரையை எடுத்தார்கள். 2009 ஜனவரியில் குறியீடு 5,000-க்கும் கீழே போனது. தடுக்க நினைத்த வீழ்ச்சி தள்ளித்தான் போனது. எம்எஸ்சிஐ பாகிஸ்தானை வளரும் சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கியது. திரும்ப அதில் நுழைய 2017 வரை ஆனது. 2021-ல் மறுபடி கீழ்ப் பட்டியலுக்கு இறக்கப்பட்டது வேறு கதை.

எகிப்து, 2011: புரட்சியின் முதல் நாட்களில் இரண்டே நாளில் சந்தை சுமார் 16% விழுந்ததும், ஜனவரி இறுதியில் மூடினார்கள். திறந்தது மார்ச் 23-ல். இடைப்பட்ட எட்டு வாரத்தில் முதலீட்டாளர் செய்ய முடிந்தது காத்திருப்பது மட்டுமே. திறந்த அன்றே சுமார் 9% வீழ்ச்சி.

சீனா, 2015: ஷாங்காய் குறியீடு ஜூன் நடுவில் 5,100-ஐத் தாண்டிவிட்டு, மூன்று நான்கு வாரத்தில் 30% இழந்தது. அப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் பங்கு வர்த்தகத்தைத் தாங்களே நிறுத்திவைத்துக்கொண்டன. விழவில்லை என்று காட்டிக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி ஏது? ஆனால் அடுத்த ஆண்டு எம்எஸ்சிஐ சீன உள்நாட்டுப் பங்குகளைக் குறியீட்டில் சேர்க்க மறுத்தபோது சொன்ன காரணங்களில் இந்த நிறுத்திவைப்புப் பழக்கமும் ஒன்று. 2018-ல்தான் சேர்த்தார்கள், அதுவும் கொஞ்சமாக.

வங்கதேசம், 2022: ஜூலையில் ஒவ்வொரு பங்குக்கும் தரை விலை. பெரும்பாலான பங்குகளுக்கு அது 2024 ஜனவரியில்தான் எடுக்கப்பட்டது. ஒன்றரை ஆண்டு. குறியீடு பார்க்க அமைதியாக இருந்தது, உள்ளே பணம் மாட்டிக்கொண்டிருந்தது.

இலங்கை, 2022: வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என்று ஏப்ரல் 12-ல் அறிவித்த பிறகு, கொழும்புச் சந்தையை ஒரு வாரம் மூடினார்கள். ஏப்ரல் 25-ல் திறந்ததும் விற்பனை குவிந்து, அன்றே வர்த்தகம் நிறுத்தப்பட்டது.

அப்படியென்றால் சர்க்யூட் பிரேக்கரும் கதவடைப்புதானா?

இல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. சர்க்யூட் பிரேக்கர் என்பது முன்கூட்டியே எழுதி வைத்த விதி: குறியீடு இத்தனை சதவீதம் நகர்ந்தால் இத்தனை நேரம் நிறுத்தம். விலைக்குத் தரை இல்லை, திறக்கும் நேரம் எல்லோருக்கும் தெரியும். இந்தியாவில் 10%, 15%, 20% என்று மூன்று படிகள்.

2004 மே 17-ல் தேர்தல் முடிவுகளை ஒட்டி இந்தியச் சந்தை இரண்டு முறை நிறுத்தப்பட்டது. இடையில் 15%-க்கு மேல் விழுந்து, நாள் முடிவில் 11% வீழ்ச்சியோடு நின்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டியது. 2020 மார்ச் 23-ல் இன்னும் மோசம்: காலையில் 10% தொட்டு 45 நிமிட நிறுத்தம், திறந்தபின் மேலும் விழுந்து சென்செக்ஸ் 13% இழந்தது. விற்க நினைத்தவர் விற்க முடிந்தது, அவருக்குப் பிடிக்காத விலைதான் கிடைத்தது. அது வேறு.

ஆனால் விதியை மோசமாக எழுதினால் அதுவே பீதியைக் கிளப்பும். சீனா 2016 ஜனவரி 4-ல் ஒரு சர்க்யூட் பிரேக்கரைக் கொண்டுவந்தது. 5% விழுந்தால் 15 நிமிட நிறுத்தம், 7% விழுந்தால் அன்றைய கடை மூடல். இரண்டுக்கும் நடுவில் 2% இடைவெளிதான். 5% தொட்டதும் ‘கதவு மூடப்போகிறது’ என்று எல்லோரும் முண்டியடித்ததில் 7% தானாக வந்தது. ஜனவரி 7-ல் சந்தை திறந்து அரை மணி நேரத்துக்குள் நாளே முடிந்துபோனது. நான்கே வர்த்தக நாட்களில் விதியைக் கைவிட்டார்கள்.

வாங்கிக் காப்பாற்றிய ஹாங்காங், பூட்டிக் காப்பாற்றிய மலேசியா

அரசு தலையிட்டாலே கெட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1998 ஆகஸ்டில் ஹாங்காங் அரசு பங்குச் சந்தையில் நேரடியாக இறங்கி, இரண்டு வாரத்தில் சுமார் 11,800 கோடி ஹாங்காங் டாலருக்குப் பங்குகளை வாங்கியது. நாணயத்தையும் குறியீட்டையும் ஒரே நேரத்தில் அடித்து லாபம் பார்க்க வந்தவர்களை முறியடிப்பது நோக்கம். அப்போது பல பொருளாதார அறிஞர்கள் இதைக் கடுமையாகத் திட்டினார்கள். ஆனால் அரசு செய்தது கதவைத் திறந்தே வைத்து, வாங்க ஆள் இல்லாத நேரத்தில் வாங்கும் ஆளாக நின்றது. அடுத்த ஆண்டு வாங்கிய பங்குகளை ஒரு ஃபண்டாக்கிப் பொதுமக்களுக்கே விற்கத் தொடங்கியது. இதைச் செய்யப் பெரிய கையிருப்பு வேண்டும். ஹாங்காங்கிடம் இருந்தது, பெரும்பாலான வளரும் நாடுகளிடம் இருக்காது.

மலேசியா 1998 செப்டம்பரில் வேறு வழி எடுத்தது. நாணயத்தை ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிலைநிறுத்தி, வெளிநாட்டவர் பங்கு விற்ற பணத்தை ஓராண்டுக்கு வெளியே எடுக்கக் கூடாது என்றது. அப்பட்டமான கதவடைப்பு. எம்எஸ்சிஐ தன் குறியீட்டிலிருந்து மலேசியாவை நீக்கியது. ஆனாலும் பொருளாதாரம் மீண்டது. நான் சொல்லிவரும் வாதத்துக்கு இது இடைஞ்சலான உதாரணம்தான். இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பூட்டு போட்டபோது சந்தை ஏற்கெனவே உச்சத்திலிருந்து சுமார் 80% விழுந்திருந்தது, ஓட நினைத்தவர்களில் பலர் ஓடி முடித்திருந்தார்கள். அப்புறம், ஐந்தே மாதத்தில், 1999 பிப்ரவரியில், தடையைக் கட்டணமாக மாற்றினார்கள்: போகலாம், ஆனால் வரி கட்டிவிட்டுப் போக வேண்டும். விலை சொல்லப்பட்ட கதவு, பூட்டிய கதவைவிட மேல். 2000-ல் மலேசியா குறியீட்டுக்குத் திரும்பியது.

உள்நாட்டுப் பணம் மெத்தையா, வெடிமருந்தா?

வெளிநாட்டவர் விற்கும்போது வாங்க உள்ளூரில் ஆள் இருந்தால் சங்கிலியின் முதல் கண்ணியே தளர்ந்துவிடும். 2020 மார்ச்சில் இந்தியப் பங்குகளிலிருந்து வெளிநாட்டவர் சுமார் 62,000 கோடி ரூபாய் எடுத்தார்கள், நிஃப்டி அந்த மாதம் 23% விழுந்தது. 2024 அக்டோபரில் சுமார் 94,000 கோடி ரூபாய் எடுத்தார்கள், நிஃப்டி 6% அளவுக்குத்தான் விழுந்தது. ஒன்று பெருந்தொற்று, மற்றது சாதாரண காலம் என்பதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும், நடுவில் மாதாமாதம் எஸ்ஐபி என்ற தவணை முதலீட்டு வழியாக மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு வந்து சேர்ந்த உள்நாட்டுப் பணத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அந்த உள்நாட்டுப் பணம் சேமிப்பா, கடனா என்பது முக்கியம். குவைத்தில் 1980-களின் தொடக்கத்தில் சூக் அல்-மனாக் என்ற அதிகாரபூர்வமற்ற பங்குச் சந்தை ஓடியது. பின்தேதியிட்ட காசோலை கொடுத்தே பங்கு வாங்கினார்கள். 1982 ஆகஸ்டில் அது உடைந்தபோது மாட்டிக்கொண்ட காசோலைகளின் மொத்த மதிப்பு சுமார் 9,400 கோடி டாலர். அந்தச் சின்ன நாட்டுக்கு! வெளிநாட்டுப் பணத்துக்கு இதில் சொல்லிக்கொள்ளும்படியான வேலையே இல்லை. 2015-ல் சீனாவில் விழுந்ததும் பெரும்பாலும் மார்ஜின் கடனில், அதாவது பங்கு வாங்கத் தரகர் தரும் கடனில், வாங்கிய உள்ளூர் மக்களின் பணம்தான். கடனில் வாங்கியவருக்குப் பொறுமையாக இருக்கும் உரிமை கிடையாது. விலை இறங்கினால் தரகர் அவரைக் கேட்காமலேயே விற்றுவிடுவார்.

சரி, அடுத்த முறை செய்தி வரும்போது

புள்ளிக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு இவற்றைத் தேடுங்கள்:

1. நாணயம் எவ்வளவு விழுந்தது? பங்கு 5% விழுந்து நாணயம் அசையவில்லை என்றால் அது சந்தைச் சண்டை. இரண்டும் சேர்ந்து விழுந்தால் பணம் நாட்டைவிட்டுப் போகிறது.

2. கையிருப்பு எவ்வளவு என்பதோடு, ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடன் எவ்வளவு? முதல் எண் இரண்டாவதைவிடக் குறைவாக இருந்தால் 1997-ன் தாய்லாந்தை நினைத்துக்கொள்ளலாம்.

3. விதி ஏதாவது இரவோடிரவாக மாறியதா? தரை விலை, ஷார்ட் விற்பனைக்கு (கையில் இல்லாத பங்கை இரவல் வாங்கி விற்பதற்கு) தடை, திடீர் விடுமுறை எதுவானாலும், எப்போது எடுப்பார்கள் என்று தேதி சொன்னார்களா என்று பாருங்கள்.

4. வர்த்தக அளவு என்ன? குறியீடு அமைதியாக இருந்து, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையும் சரிந்திருந்தால், அந்த அமைதியை நம்ப முடியாது. கராச்சியிலும் டாக்காவிலும் தரை போட்டிருந்த காலத்தில் குறியீடு அமைதியாகத்தான் இருந்தது.